சந்தனப் பொட்டு வைத்த நட்டு

சில வருடங்களுக்கு முன்னால், ஆயுத பூஜையன்றும் அதற்கு மறுநாளும் ஈக்காட்டுத்தாங்கலில் நடந்தது இது. என்னைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், என் வாயில் எதுவும் தங்காது என்று. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு வருத்தப்படுகிற பழக்கமும் கிடையாது. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஒருத்தியிடம் இன்று வரை சொல்லாமல் வைத்திருக்கிறேன். யார் பெயரும் எழுத வேண்டாம் என்பதால்தான் இங்கே சொல்லத் துணிந்தேன்.

எங்கள் வீடு அடையாறில். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், பளபளவென்று நிற்கும் கார்களுக்கு நடுவில், சேறு காய்ந்து ஒட்டிய பழைய ஜீப் ஒன்று நிற்கும். அது என் கணவருடையது. கதவு கிடையாது, ஏசி கிடையாது, அதில் ஏறி இறங்கினால் இடுப்பும் நம்முடையது கிடையாது. ஆனால் விடுமுறை வந்தால் போதும், நண்பர்களோடு காடு மலை என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் அதற்கு 'சின்ன வீடு' என்றுதான் பெயர் வைத்திருந்தேன். அவரும் கூச்சமே இல்லாமல் சிரிப்பார்.

ஒருமுறை மலைப்பாதையில் பாறை தட்டி, முன்சக்கரங்களைத் திருப்புகிற கம்பி வளைந்துவிட்டது. வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போக, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார். அன்றே நான் ஜீப்பை விற்கச் சொன்னேன். அவரோ அதை இன்னும் பலமாக்கப் போகிறேன் என்று ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டார்.

அந்த மெக்கானிக்குக்கு எங்கள் வயதுதான் இருக்கும். சின்ன ஷெட், தனி ஆள். கைகளில் கிரீஸ் கறை போனதே இல்லை. அவரும் அவர் மனைவியும் முதலில் ஆற்றங்கரையோரக் குடிசையில் இருந்தவர்கள். பிறகு அரசாங்கத்தில் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தினமும் பஸ் மாறி மாறி இங்கே வந்து போவார். அவர் மனைவி துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். லீவு நாளில் ஷெட்டுக்கு வந்து கூட்டிப் பெருக்கி, புருஷனை நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போவாள். எனக்கு அவளை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. என் ரகம்.

என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று நான்தான் மெக்கானிக்கைக் கேட்டேன். இந்த மனுஷன் எதற்காக இவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்கும் தெரிய வேண்டாமா? அவர் சலிக்காமல் காட்டினார்.

"தோ பாருங்கக்கா, சக்கரத்த புடிச்சிகினு திரும்புது பாருங்க, இதான் நக்கிள். இதோட தலைல இந்த ஆர்ம் உக்காரும். நீங்க ஸ்டீயரிங்க திருப்புனா கம்பி இந்த ஆர்ம இழுக்கும், சக்கரம் திரும்பும். இப்ப கம்பி கீழ கீது, கல்லு தட்டுது. கெட்டியான நக்கிளா போட்டு, ஆர்ம மேல ஏத்திட்டா தட்டாது."

பிறகு ஆர்மை நக்கிளோடு சேர்த்துப் பிடிக்கிற நட்டுகளைத் தொட்டுக் காட்டினார். "மொத்த வண்டியும் இத்த நம்பிதான் திரும்புது."

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நட்டை முதலில் கையால் திருகி வைப்பார். எல்லாம் சரியாக உட்கார்ந்ததும், நீளமான ஸ்பேனர் ஒன்றை எடுத்து முறுக்குவார். வேண்டிய அளவு இறுகியதும் அது 'டிக்'கென்று ஒரு சத்தம் போடும். உடனே சின்ன பிரஷ்ஷால் அந்த நட்டின் மேல் ஒரு சொட்டு மஞ்சள் பெயின்ட் வைப்பார். மஞ்சள் இருந்தால் இறுக்கியாயிற்று, இல்லையென்றால் இறுக்கவில்லை. எத்தனை வண்டி வேலை தலைக்கு மேல் இருந்தாலும் குழப்பமே வராது என்று பெருமையாகச் சொன்னார். என் கணவருக்கு அந்த மஞ்சள் சொட்டு மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

ஆயுத பூஜையன்று எங்களையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது ஜீப் ஸ்டாண்டின் மேல் நின்றது. முன்சக்கரங்களைக் கழற்றியிருந்ததால் புது நக்கிளும் ஆர்மும் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தன. மெக்கானிக் வலது பக்கத்தை முடித்து மஞ்சளும் வைத்துவிட்டார். இடது பக்கத்தில் நட்டுகளைக் கையால் திருகிவிட்டு, அந்த நீள ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் மனைவி வாளித் தண்ணீரோடு வந்தாள்.

"யோவ், நல்ல நேரம் போயினு கீது. சாமானெல்லாம் குடு, தொடச்சி சாமிகிட்ட வெக்கணும்."

"இரு, இந்தப் பக்கம் மட்டும்தான் பாக்கி."

"எல்லாத்தையும் வெச்சிட்டு இது ஒண்ணத்த மட்டும் கைல வெச்சிகினு இருப்பியா? நாளிக்கு மொத வேலையா இத்த பண்ணு. ராசியா இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே ஸ்பேனரைக் கொடுத்துவிட்டார். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமிவரை எடுக்கக் கூடாது என்பது எல்லா ஷெட்டிலும் உள்ள வழக்கம்தானே? அதில் யாருக்கும் தப்பாக எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பூஜை நன்றாக நடந்தது. சுத்தியல், ஸ்பேனர், வெல்டிங் மெஷின் எல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி வரிசையாக இருந்தன. அவள் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். பாக்கெட்டில் விற்கிற சந்தனத்தூளைத் தண்ணீரில் குழைத்தது, மஞ்சள் நிறம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. பெரிய சாமான்களுக்குச் சந்தனத்தின் மேல் குங்குமமும் வைத்தாள். ஜீப்பிடம் வந்ததும் குனிந்து, இடது பக்கத்தில் இருந்த புது நட்டுகளுக்கும் ஒவ்வொன்றாகச் சந்தனம் வைத்தாள். நான் கிண்டல் செய்தேன்.

"ஏம்மா, நட்டுக்குக் கூடவா?"

"எந்த நட்டு எப்போ கோவிச்சிக்கும்னு யாருக்குக்கா தெரியும்? இத்துணூண்டு இடத்துல குங்குமம் எங்க வெக்கறது, சந்தனமே போதும்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மயிலாப்பூர் கோயிலுக்குப் போவதாகத் திட்டம். விஜயதசமி என்பதால் ஷெட்டில் நல்ல கூட்டம். நல்ல நேரத்துக்குள் வண்டி வேண்டும் என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். என் கணவரும் விடவில்லை, நானும் என் பங்குக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்று குரல் கொடுத்தேன். மெக்கானிக் ஒரு ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஜீப்பிடம் வந்தார். முதலில் வலது பக்கம் எட்டிப் பார்த்தார், மஞ்சள். இடது பக்கம் எட்டிப் பார்த்தார், அங்கேயும் மஞ்சள். சக்கரங்களை மாட்டினார். நிழலில், மட்கார்டுக்கு அடியில், காய்ந்துபோன சந்தனமும் பெயின்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது பிறகு நானே பார்த்துத் தெரிந்துகொண்டது.

என் கணவர் துள்ளிக் குதித்து இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"எறங்குங்க சார். ஸ்டீயரிங் வேல பாத்த வண்டில மொத ரவுண்டுக்கு நான் யாரையும் ஏத்த மாட்டேன். நான் மட்டும் ஓட்டிப் பாத்துட்டு அப்பால தரேன்."

என் கணவருக்கு முகம் சுருங்கிப்போனது. நான்கூட, "என்ன, சின்ன வீடு உங்களைவிட்டு வேற ஆளோட போகுது" என்று சீண்டினேன். அதுதான் நான் அந்த ஜீப்பை வைத்துச் செய்த கடைசிக் கிண்டல்.

அவர் மனைவி எங்களுக்காகச் சுண்டலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் பைக்கில் வேகமாக வந்து நின்றார். "உங்க வண்டி கவுந்துடுச்சு, சீக்கிரம் வாங்க" என்றார். அவள் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுச் செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம்.

ஒரு திருப்பம் தள்ளி, சாலையோரத்தில் கொட்டியிருந்த கட்டட இடிபாட்டுக் குவியல் மேல் ஏறி, ஜீப் வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. திரும்பி வரும் வழியில் திடீரென்று ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றியதாம். பிரேக்கை மிதித்துப் பார்த்திருக்கிறார், அதற்குள் ஏறிவிட்டது. கதவில்லாத வண்டி. விழும்போது தாங்கிக்கொள்ள வலது கையை வெளியே ஊன்றியிருக்கிறார். வண்டி அந்தக் கையின் மேல் கிடந்தது.

ஜனங்கள் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். அதற்கு மேல் நான் பார்த்ததை எழுத மாட்டேன். அவர் கத்தவில்லை. அவள்தான் கத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேறு வழி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வலது கை. அவருக்கு இருந்த ஒரே மூலதனம் அதுதான். என் கணவர் ஒரு ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, நீங்கதான் பாத்தீங்களே, ஒரு நட்டு உடாம பொட்டு வெச்சேன். அதான்க்கா உயிர உட்டு வெச்சிருக்கு. இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?"

"ஆமாம்மா" என்றேன். அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது. மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் ஜீப்பை இழுத்து வந்து ஷெட்டில் விட்டிருந்தார்கள். நானும் என் கணவரும் போய்ப் பார்த்தோம். வலது பக்க நட்டுகள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. இடது பக்கத்தில் ஆர்ம் நக்கிளைவிட்டுக் கழன்று கம்பியில் தொங்கியது. நட்டுகள் போன இடம் தெரியவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் போல்ட்டு மரையின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் இரண்டு விரலால் சுற்றினார், கழன்று கையோடு வந்துவிட்டது.

"மஞ்சள் வெச்சிருக்காரே" என்று திகைத்துப்போய்ப் பார்த்தார்.

நான் அதை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெயின்ட் எங்காவது உதிருமா? மூக்கருகில் கொண்டுபோனேன். கிரீஸ் வாசனையையும் மீறிச் சந்தனம் மணத்தது.

நட்டை அவர் மூக்கருகில் நீட்டினேன். என் கணவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பேச ஆரம்பித்தபோது சண்டைதான் வந்தது. அவளிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றேன் நான். சொல்லவே கூடாது என்றார் அவர். உண்மை எவ்வளவு கசந்தாலும் உண்மைதானே, நாளைக்கு இன்னொரு வண்டிக்கு இப்படி ஆனால் என்ன செய்வது என்று கேட்டேன். அதில் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கூடவே வேறொன்றும் இருந்தது. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமே இல்லை. அப்போதே அவளுக்குப் போன் செய்து, நேரில் வந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த நட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

வார்டில் அவர் மட்டும் இருந்தார். அவள் டீ வாங்கப் போயிருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நட்ட பாத்தீங்களாக்கா?"

நான் தலையாட்டினேன்.

"எனக்குத் தெரியும். ஸ்டீயரிங் சும்மா சுத்துச்சு பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. இடது பக்கம் டிக்குனு சத்தம் கேட்டதா எனக்கு ஞாபகமே இல்லியேன்னு நெனச்சேன். அதுக்குள்ள கவுந்துட்டேன்."

வார்டு வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவகிட்ட சொல்லாதீங்கக்கா. கம்பி ஒடஞ்சிதான் கவுந்துச்சுன்னு சொல்லிகீறேன். பொட்டு மேல தப்பு இல்ல. ஸ்பேனர் வெச்சிப் பாக்காம கண்ண வெச்சிப் பாத்தேன், அது என் தப்பு. ஆனா அவ அப்படி எடுத்துக்க மாட்டா. ஆயுசுக்கும் அவ விரல அவளே பாத்துகினு அழுவா. கை போனது என்னோட போவட்டும்."

அந்த நேரம் பார்த்து அவள் டீ பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"வாங்கக்கா. இன்னாவோ சொல்லணும்னு போன்ல சொன்னீங்களே, இன்னாக்கா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் என் கை அந்த நட்டைப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் காத்திருந்தாள்.

"நீ ஒழுங்கா சாப்பிடறியான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க இந்த ஊரில் ஒரு ஆள் உண்டு என்று நினைத்து அழுதாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

அவர் திரும்பி வரப் பல மாதங்கள் ஆயின. ஷெட்டை மூடிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் மூட விடவில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்துவிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இவள் கழற்றுகிறாள், மாட்டுகிறாள். தோள்பட்டை வலியில் முதல் சில வாரங்கள் அவளால் தலைகூட வாரிக்கொள்ள முடியவில்லை என்றாள். அந்த நீள ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுப்பாள். 'டிக்'கென்ற சத்தம் வரும்வரை அவர் கண்ணை எடுக்க மாட்டார். சத்தம் வந்ததும் பிரஷ்ஷை எடுத்து நட்டின் மேல் ஒரு சொட்டு வைப்பாள். மஞ்சள் இல்லை, பச்சை.

எங்கள் ஜீப்பை விற்றுவிடலாம் என்று என் கணவரே சொன்னார். மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. என் கையால் கெட்ட வண்டி, சரி பண்ணித்தான் தருவேன் என்று பிடிவாதமாக நின்று, வளைந்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, நக்கிளும் ஆர்மும் மறுபடி புதிதாகப் போட்டுக் கொடுத்தார். இடது பக்க நட்டுகளை அவள்தான் இறுக்கினாள். முதல் ரவுண்டுக்கு அவரால் ஓட்ட முடியாது என்பதால் என் கணவர் ஓட்டினார். பக்கத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார், யார் சொல்லியும் இறங்கவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை அவளும் நானும் ஷெட் வாசலில் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஒரு குறை உண்டு. போன ஆயுத பூஜையன்றுகூட என்னிடம் புலம்பினாள்.

"மஞ்சதான்க்கா மங்களகரமா இருக்கும். இவரு ஏன்தான் இந்தப் பச்சய புடிச்சிகினு கீறாரோ தெரியல. நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

"பச்சைதான் பளிச்சுன்னு கண்ணுக்குத் தெரியுது" என்றேன்.

அன்று கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்த பிறகு, கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மீதி இருந்தது. அவள் புருஷன் முன்னால் போய் நின்று, "கைய நீட்டு" என்றாள். அவர் இடது கையை நீட்டினார். அந்தப் புறங்கையில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தாள். "இத்தயாவது காப்பாத்தி குடு சாமி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, எங்கே வைத்திருக்கிறேன் என்று என் கணவருக்குக்கூடத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் அவள் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போது சொல்ல வேண்டியது என் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, அதை விழுங்கிவிட்டு அவள் நீட்டும் சுண்டலை வாங்கிக்கொள்கிறேன். இத்தனை வருடம் நான் யோசிக்காமல் வாய்விட்டுச் சொன்ன எந்த உண்மையும், சொல்லாமல் வைத்திருக்கும் இந்த ஒன்றைப் போல் எனக்குக் கனத்ததில்லை.